அடுப்படிக்கு யார் விலை போடுவது?

2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் தமிழ்நாடு முழுக்க 1,545 அரசுப் பள்ளிகள், ஏறத்தாழ 1.14 லட்சம் பிள்ளைகள், ஒதுக்கீடு 33.56 கோடி ரூபாய். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 12 ரூபாய் 75 காசு என்று கணக்கு வைத்தார்கள்.

அரிசியோ ரவையோ சேமியாவோ பிள்ளைக்கு 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம் என்று அளந்து சொல்லியிருந்தார்கள். காய்கறி, எண்ணெய், தாளிக்கிற சாமான் வரைக்கும் எல்லாவற்றுக்கும் ரூபாய்க் கணக்கு உண்டு. பல ஊர்களில் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். அவர்களுக்கும் ஒரு தொகை உண்டு. பள்ளிக்குக் கிளம்புமுன் அதே பெண் தன் வீட்டில் தன் பிள்ளைக்கும் புருஷனுக்கும் மாமியாருக்கும் ஒரு உப்புமா கிளறிவிட்டுத்தான் வந்திருப்பார். ஒரே கை, ஒரே ரவை. பள்ளியில் கிளறியது நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில் ஏறும், வீட்டில் கிளறியது ஏறாது.

இது ஏதோ அதிகாரியின் கவனக்குறைவு இல்லை. உலக நாடுகள் எல்லாம் தேசியக் கணக்கு போடுவதற்கு ஐ.நா. வகுத்துக் கொடுத்த விதிமுறை ஒன்று இருக்கிறது. எது உற்பத்தி, எது உற்பத்தி இல்லை என்று அதில் ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்பதை உசிலம்பட்டிப் பக்கம் மாடு வைத்திருக்கிற எந்த வீட்டிலும் நின்று பார்க்கலாம். வீட்டுத் தேவைக்கே கறந்தாலும் பால் உற்பத்திதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் சொந்தத் தேவைக்குப் பால் கறப்பதை வேலை என்றே எழுதிக்கொள்ளும். கறந்த பாலை உள்ளே கொண்டுபோய்க் காய்ச்சி, ஆற்றி, பிள்ளைக்குக் கொடுத்தால் அது வேலை இல்லை. தண்ணீர் சுமந்து வருவது கோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவுவது அந்தப் பக்கம்.

இதைவிட வேடிக்கை வாடகை விஷயம். சொந்த வீட்டில் குடியிருப்பவர் யாருக்கும் வாடகை தருவதில்லை. ஆனாலும் அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்று மதிப்பிட்டு அதை மொத்த உற்பத்தியில் சேர்க்கிறார்கள். கைமாறாத வாடகைக்கு மதிப்பு போடத் தெரிந்த நிபுணர்களுக்கு, அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்குகிற கைக்கு மதிப்பு போடுவது மட்டும் கஷ்டமாகிவிடுகிறது. பணம் கைமாறவில்லை என்பதுதான் காரணம் என்று இனி யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

சொல்லப்படும் உண்மையான காரணம் வேறு. வீட்டு வேலையை உற்பத்தி என்று ஏற்றுக்கொண்டால் வயதுக்கு வந்த அத்தனை பேரும் வேலையில் இருப்பவர்கள் ஆகிவிடுவார்கள், வேலையின்மை என்ற கணக்குக்கே பொருள் இல்லாமல் போகும் என்று அந்த விதிமுறையே சொல்கிறது. அரசு பொருளாதாரத்தை நடத்துவதற்கு அந்த எண் உதவாது என்பது வாதம். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் அது வேலையின்மைப் புள்ளிவிவரத்தைக் காப்பாற்றுவதற்கான நியாயம். வேலையே நடக்கவில்லை என்பதற்கான நியாயம் இல்லை. எது வீட்டு உற்பத்தி என்பதற்கு மார்கரெட் ரீட் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1934-லேயே எளிய சோதனை ஒன்றைச் சொல்லிவிட்டார்: காசு கொடுத்து வேறொருவரைச் செய்யச் சொல்ல முடிந்தால் அது உற்பத்தி. சாப்பிடுவதையும் தூங்குவதையும் ஆள் வைத்துச் செய்ய முடியாது. சமைப்பதையும் துவைப்பதையும் பிள்ளை பார்த்துக்கொள்வதையும் முடியும்.

சரி, எவ்வளவு வேலை நடக்கிறது? இந்தியாவில் இதை அளக்க முதல் முயற்சி 1998-99-ல் ஆறு மாநிலங்களில் நடந்தது. அதில் தமிழ்நாடும் ஒன்று. நாடு தழுவிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019-லும் பிறகு 2024-லும் நடந்தது. விடிகாலை நாலு மணியில் தொடங்கி மறுநாள் விடிகாலை நாலு மணிவரை, அரை மணி அரை மணியாக, என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதுகிறார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிட்டது 2019-ல் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம். ஆண்களில் அந்த வேலை செய்பவர்களின் சராசரி 97 நிமிடம். அதிலும் 2019-ல் ஒரு நாளில் வீட்டு வேலையில் கை வைத்த ஆண்கள் 26.1 சதவீதம்தான், பெண்கள் 81.2 சதவீதம். 2024-ல் பெண்களின் நேரம் 289 நிமிடமாகக் குறைந்தது. பத்து நிமிடம் மிச்சம். ஆண்கள் கைகொடுத்ததால் வந்த மிச்சம் என்று யாரும் மார்தட்ட வேண்டாம். அதே காலத்தில் ஆண்களின் நேரமும் 97-லிருந்து 88-க்கு இறங்கியிருக்கிறது.

பிள்ளை பார்ப்பது, முதியோரைக் கவனிப்பது இதில் சேராது. அது தனிக் கணக்கு. 2019-ல் அதில் ஈடுபட்ட பெண்களுக்கு அது மேலும் 134 நிமிடம்.

இந்த அரை மணிக் கட்டங்களில் எது சிக்கும், எது நழுவும் என்று பாருங்கள். காலை ஆறரை முதல் ஏழு வரை ஒரு கட்டம். ஒரு அடுப்பில் சோறு கொதிக்கிறது, மறு அடுப்பில் மதியத்துக்குப் புளிக்குழம்பு. நடுவில் தண்ணீர் வந்துவிட்டது என்று தெருவில் சத்தம் கேட்டுக் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு வரவேண்டும். சின்னவனை எழுப்ப வேண்டும், எழுந்தவன் திரும்பப் படுத்துக்கொண்டானா என்று பார்க்க வேண்டும். பெரியவளுக்குச் சடை பின்ன வேண்டும். மாமனாருக்குச் சாப்பாட்டுக்கு முந்தின மாத்திரை எடுத்துத் தர வேண்டும். கணக்கெடுப்பு விதிப்படி பத்து நிமிடத்துக்குக் குறைவான வேலைகள் கட்டத்தில் ஏறுவது சிரமம். மாத்திரை எடுத்துத் தர அரை நிமிடம் போதும். ஆனால் அது தீரப்போகிறது என்பதை மூன்று நாள் முன்பே ஞாபகம் வைத்திருப்பது எந்தக் கட்டத்திலும் வராது. சிலிண்டர் பதிவு செய்வது, மாவு ஆட்டுவது எந்த நாள், அடுத்த தடுப்பூசி எப்போது என்பதெல்லாம் இப்படித்தான்.

விசேஷத்துக்குப் போய்வரும் கணக்கும் இதில் சேர்த்திதான். மதுரைப் பக்கம் காதுகுத்து, கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா எதுவானாலும் மொய் எழுதாமல் பந்தி நகராது. யார் எவ்வளவு செய்தார்கள் என்று இருபது வருஷத்து நோட்டைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் ஊர் இது. 501 ரூபாய் வாங்கியவர் 500 திருப்பிச் செய்தால் அந்த ஒரு ரூபாய் பேசப்படும். அந்த நோட்டைப் புரட்டி, யார் வீட்டுக்கு எப்போது என்ன செய்ய வேண்டும் என்று நினைவூட்டுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். அவர் செய்கிறதை எழுத நோட்டு கிடையாது.

நேரத்தை அளந்தாயிற்று, விலை போடுவது எப்படி? இரண்டு வழிகள் பிரதானம். ஒன்று, இந்தப் பெண் வெளியே வேலைக்குப் போயிருந்தால் என்ன சம்பாதித்திருப்பார் என்று பார்ப்பது. இதன்படி அண்ணா நகரில் பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர் வைக்கும் ரசத்துக்கு ஒரு விலை, மேலூரில் எட்டாவதோடு நிறுத்தியவர் வைக்கும் ரசத்துக்கு வேறொரு விலை. குடிக்கிறவருக்கு இரண்டும் ரசம்தான். இன்னொரு வழி, அவர் இடத்தில் ஆள் வைத்தால் என்ன செலவாகும் என்று பார்ப்பது. இந்த இரண்டாவது வழியில்தான் அன்னையர் தினத்தன்று வாட்ஸ்அப்பில் வரும் கணக்குகள் பிறக்கின்றன. அம்மா ஒரு சமையல் நிபுணர், மருத்துவர், ஆசிரியர், மேலாளர், ஆகவே மாதச் சம்பளம் இத்தனை லட்சம் என்று. எனக்கு அந்தப் பதிவுகளில் நம்பிக்கை இல்லை. தரப்போகிறவர் யாருமில்லை என்பது தெரிந்ததால்தான் தொகையை அவ்வளவு தாராளமாக எழுதுகிறார்கள்.

உலகத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் இதையே நிதானமாகச் செய்தது. மணிக்கணக்கைக் குறைந்தபட்சக் கூலியால் பெருக்கிப் பார்த்ததில், சம்பளமில்லாத பராமரிப்பு வேலையின் மதிப்பு உலக மொத்த உற்பத்தியில் 9 சதவீதம் வந்தது. அந்த வேலையின் மொத்த நேரத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் பெண்கள் செய்வது.

நிஜமாகவே ரூபாயில் விலை போட்டு, காசோலையும் கொடுக்கிற இடம் நம் ஊரில் ஒன்று உண்டு. விபத்து இழப்பீட்டு நீதிமன்றம். நான்குவழிச் சாலையில் லாரி மோதி ஒரு குடும்பப் பெண் இறந்தால், அவருடைய மாத வருமானம் என்ன என்ற கேள்வி வந்தே தீரும். வருமானம் இல்லை, ஆகவே இழப்பும் இல்லை என்று காப்பீட்டு நிறுவனங்கள் நெடுங்காலம் வாதாடிப் பார்த்தன. ஜாம்ஷெட்பூரில் 1989-ல் நடந்த தீ விபத்து தொடர்பான வழக்கில், 2001-ல் உச்ச நீதிமன்றம் குடும்பப் பெண்ணின் சேவைக்கு மாதம் 3,000 ரூபாய் என்று வைத்தது. 2009-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் இருந்த அமர்வு, தாயை இழந்த ஒரு சிறுமியின் வழக்கில், இந்த மதிப்பீட்டு முறைகளையெல்லாம் எடுத்து வைத்து விரிவாக எழுதியது. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இப்படி வைக்கிற உத்தேச வருமானத்துக்கும் எதிர்கால உயர்வு சேர்க்க வேண்டும் என்றது.

அந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று ஒரு உதாரணம். இறந்தவருக்கு வயது 35, கணவரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள், உத்தேச வருமானம் மாதம் 10,000 என்று நீதிமன்றம் வைத்ததாகக் கொள்வோம். வயது நாற்பதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்தால் 14,000. அதில் அவருடைய சொந்தச் செலவு என்று மூன்றில் ஒரு பங்கு கழிக்க வேண்டும். மிச்சம் மாதம் 9,333 ரூபாய் சொச்சம், வருஷத்துக்கு 1,12,000. எத்தனை வருஷத்து இழப்பு என்று பெருக்க அந்த வயதுக்கு வைத்திருக்கும் எண் 16. ஆக 17,92,000 ரூபாய். இதர தலைப்புகளில் வருவது தனி. இதில் மூன்றில் ஒரு பங்கு சொந்தச் செலவு என்ற இடத்தில் நம் வீட்டுப் பெண்கள் யாரும் சிரிக்காமல் இருக்கமாட்டார்கள். மாதம் 14,000-ல் நாலாயிரத்துச் சொச்சத்தைத் தனக்கென்று செலவழித்த குடும்பத் தலைவியை எனக்குத் தெரியாது. கீழமாசி வீதியில் பேரம் பேசி மிச்சம் பிடித்ததைக்கூடப் பிள்ளையின் கட்டணத்துக்கு ஒதுக்குகிறவர்கள்தான் எனக்குத் தெரிந்தவர்கள். சட்டம் இதை ஆண் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு வகுத்த சூத்திரத்திலிருந்து எடுத்து அப்படியே போட்டுக்கொண்டது.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பப் பெண்களைப் பிச்சைக்காரர்கள், பாலியல் தொழிலாளர்கள், சிறைவாசிகளோடு ஒரே வகையில், உற்பத்தியில் ஈடுபடாதவர்கள் என்று சேர்த்திருந்ததை 2010-ல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2011 கணக்கெடுப்பில் வீட்டு வேலையே முக்கிய வேலை என்று சொன்ன பெண்கள் ஏறத்தாழ 16 கோடி, ஆண்கள் 58 லட்சத்துக்கும் குறைவு. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டது. வீட்டுக்கு வந்து கேட்கிறவரிடம் என்ன வேலை என்பதற்குப் பெரும்பாலும் ஆண்தான் பதில் சொல்வார். மாடு கறக்கிற, வயலில் களை எடுக்கிற, கடையில் உட்காருகிற மனைவியைப் பற்றி "வீட்டுல இருக்காங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், விதிப்படி கணக்கில் ஏறவேண்டிய வேலையும் ஏறாது.

அரசியலில் இந்தப் பேச்சுக்கும் மதுரைக்கும் தொடர்பு உண்டு. 2018 பிப்ரவரியில் மதுரையில் மக்கள் நீதி மய்யத்தைத் தொடங்கிய கமல்ஹாசன், 2020 டிசம்பரில் இல்லத்தரசிகளுக்கு ஊதியம் தருவோம் என்று வாக்குறுதி அளித்தார். மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் தருவோம் என்று தி.மு.க. சொன்னது. 2023 மார்ச்சில் மதுரை மத்தியத் தொகுதியின் அன்றைய சட்டமன்ற உறுப்பினரும் நிதியமைச்சருமான பழனிவேல் தியாகராஜன் தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 7,000 கோடி ஒதுக்கினார். அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கியபோது பயனாளிகள் ஒரு கோடியே ஆறு லட்சம் பேர்.

நல்ல திட்டம். அந்தப் பணம் நேராகப் பெண்ணின் வங்கிக் கணக்குக்குப் போகிறது, யாரிடமும் கேட்காமல் எடுக்கலாம். அது லேசான விஷயம் இல்லை. ஆனால் இதைச் சம்பளம் என்று நினைத்துக்கொள்வது தவறு. 289 நிமிடத்தை முப்பது நாளால் பெருக்கினால் மாதம் 144 மணி நேரத்துக்கு மேல் வரும். ஆயிரத்தை அதால் வகுத்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூட வராது. தவிர, தகுதி பார்க்கும்போது வேலையைப் பார்ப்பதில்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்கிறதா, நன்செய் ஐந்து ஏக்கருக்குள் இருக்கிறதா, மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்கிறதா, கார் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஏழ்மைக்குத் தரும் உதவியை உழைப்புக்குத் தரும் மரியாதையின் பெயரில் தருகிறார்கள். தரட்டும், பெயராவது சரியாக இருக்கிறது.

மதுரையில் வீட்டுக்குள்ளேயே கூலி வேலையும் நடக்கிறது. மாட்டுத்தாவணிச் சந்தையில் எடுத்து வரும் மல்லிகையைத் தெருப் பூக்கடைக்காரர் வீடுகளுக்குக் கொடுத்துக் கட்டி வாங்குகிறார். அப்பளம் தேய்த்து எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறார்கள். சுங்குடிச் சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடும் பெண்கள் இருக்கிறார்கள். இந்தக் கூலி எல்லாமே குறைவு. ஏன் குறைவு என்று கேட்டால், வீட்டில் இருந்துகொண்டே, சமையலுக்கு நடுவில், டிவி பார்த்துக்கொண்டே செய்வதுதானே என்று பதில் வரும். பக்கத்தில் நடக்கும் வேலைக்குச் சம்பளம் இல்லை என்பதே இந்த வேலைக்குச் சம்பளம் குறையக் காரணமாகிவிடுகிறது.

வெளியே போய்ச் செய்தாலும் இதே கதைதான். பள்ளிச் சமையல், அங்கன்வாடி, ஆயா, வீட்டோடு நோயாளியைப் பார்த்துக்கொள்வது எல்லாமே பெண்கள் வீட்டில் சும்மா செய்கிற வேலைகள். அதனால் அவற்றுக்குச் சம்பளம் என்று சொல்லக்கூட அரசுக்கே மனம் வருவதில்லை. மதிப்பூதியம், தொகுப்பூதியம் என்று ஏதாவது ஒரு பெயர் வைக்கிறார்கள். ஆகவே, ஆள் வைத்தால் என்ன செலவு என்ற முறையில் அம்மாவின் வேலைக்கு விலை போடப் போனால், ஏற்கெனவே அடிமாட்டு விலைக்கு இறக்கப்பட்ட சந்தையிலிருந்து விலையை எடுத்து வருகிறோம். இந்த எண்ணைத் துரத்துவதில் எனக்கு ஆர்வம் குறைவதற்கு இதுதான் காரணம். எந்த எண் வந்தாலும் அது உண்மையைவிடச் சின்னதாகவே இருக்கும்.

நேரத்தைக் குறைப்பது வேறு. காலை உணவுத் திட்டத்தின் உண்மையான வரவு பிள்ளையின் வயிற்றில் மட்டும் இல்லை, ஏழு மணிக்குப் பூ மார்க்கெட்டுக்கோ சித்தாள் வேலைக்கோ ஓடுகிற தாயின் ஒரு அரை மணி நேரத்திலும் இருக்கிறது. குழாயில் தினமும் ஒரே நேரத்தில் தண்ணீர் வந்தால் இன்னொரு மணி நேரம். இந்த நேரங்களை எந்தத் திட்ட அறிக்கையிலும் லாபமாக எழுதக் காணோம்.

அடுத்தது சொத்து. பிறந்த வீட்டுச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை வேண்டும் என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. தமிழ்நாடு அதை 1989-ல் சட்டமாக்கியது, நாடு முழுக்க 2005-ல் வந்தது. புகுந்த வீட்டில் அப்படி ஒன்று இல்லை. கணவர் இறந்தால் மனைவி வாரிசு. பிரிந்தால் ஜீவனாம்சம். இருவரும் உயிரோடு, ஒன்றாக இருக்கும்போது, முப்பது வருஷக் குடும்பத்தில் சேர்த்த வீட்டில் அவருக்குப் பங்கு என்று சட்டம் எதையும் சொல்வதில்லை. கோவாவில் போர்ச்சுக்கீசியர் காலத்துச் சட்டப்படி கணவன் மனைவி சொத்து பொதுச் சொத்து. நம் ஊரிலோ மனைவி விபத்தில் செத்தால் இழப்பீடு, கணவர் செத்தால் பங்கு. யாராவது செத்தால்தான் கணக்கே திறக்கிறது.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தந்த தீர்ப்பு இந்த இடத்தில்தான் முக்கியம். கணவர் சவுதியில் வேலை பார்த்து அனுப்பிய பணத்தில் நெய்வேலியில் இருந்த மனைவி பிள்ளைகளை வளர்த்துக் குடும்பத்தை நடத்தினார், சொத்தும் வாங்கினார்கள். பிறகு சொத்து முழுதும் யாருடையது என்று வழக்கு. மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் போய்ச் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே இருவருக்கும் சம பங்கு என்றார் நீதிபதி. இந்தப் பங்களிப்பை ஏற்கச் சொல்லும் சட்டம் இல்லை, ஏற்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை என்பது அவர் வாதம். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு இல்லாத தென்மாவட்டங்களில் இந்தத் தீர்ப்பு பேசப்பட வேண்டிய அளவுக்குப் பேசப்படவில்லை. ஆனால் ஒரு தீர்ப்பு சட்டமாகாது. அடுத்த வழக்கில் அடுத்த பெண் மறுபடி முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியிருக்கலாம்.

அதுவரை கையில் இருப்பது பத்திரப் பதிவுதான். 2025 ஏப்ரலிலிருந்து, பத்து லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. மதுரையில் பத்து லட்சத்துக்குள் மனை என்றால் ஊமச்சிகுளம் தாண்டி எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பது வேறு பேச்சு. ஏற்கெனவே கணவர் பெயரில் இருப்பதில் ஒரு பாகத்தை மனைவிக்குச் செட்டில்மெண்ட் எழுதினால் முத்திரைத் தீர்வை சாதாரணக் கிரயத்தைவிட மிகக் குறைவு. புதிதாக வாங்குகிறவர்கள் இரண்டு பேர் பெயரிலும் கிரயம் பண்ணி, கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பிக்கலாம். மகளிர் குழுக் கடன், நுண்கடன், வீட்டுக் கடன் என்று கடன் தாள்களில் எல்லாம் மனைவியின் கையெழுத்தை வாங்கத் தயங்காத குடும்பங்கள்தான் நாம். தவணை கட்டாவிட்டால் வாசலில் வந்து நிற்கிறவர்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.